மெமோவில் இருந்த ஒரே ஆங்கிலச் சொல்

அந்த மெமோ முழுக்கத் தமிழில்தான் இருந்தது. பொருள், பார்வை, 'இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது' என்று எல்லாம் முறைப்படி. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் ஆங்கிலம். துணை சுகாதார நிலையத்தை இடம் மாற்றும் பணிக்கு ஒத்துழைக்காமல் நான் 'மிகவும் அடமன்ட்டாக' நடந்துகொண்டேனாம். ஏழு நாளைக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டுமாம்.

பிடிவாதம் என்று எழுதியிருக்கலாம். முரண்டு என்று எழுதியிருக்கலாம். தமிழில் இதற்கா பஞ்சம்? ஆனால் பிடிவாதம் என்று எழுதினால் வீட்டில் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் அதே திட்டுக்கு ஒரு கனம் வந்து, குற்றமாகிவிடுகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இந்தச் சொல்லும் நானும் ரொம்ப நாள் பழக்கம்.

எட்டாவது படிக்கும்போது என் ராங்க் கார்டில் அது முதல்முறையாக வந்தது. கள்ளக்குறிச்சியில் கடைவீதிக்குப் பின்தெருவில், பள்ளிவாசலை ஒட்டி எங்கள் வீடு. அத்தா, அதாவது என் அப்பா, ஜவுளிக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சிக்காக நான் தெர்மாகோலும் சிவப்பு ரப்பர் குழாயும் வைத்து ஒரு இதயம் செய்திருந்தேன். பம்பை அமுக்கினால் சாயத்தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். மூன்று வார உழைப்பு. கண்காட்சி அன்று காலையில் டீச்சர் வந்து, இதை ஒரு பையன் விளக்கட்டும், அவனுக்குக் குரல் கணீரென்று இருக்கிறது என்றார். நான் குழாயைப் பிடுங்கினேன். இதயத்தைச் சாக்குப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம் ராங்க் கார்டில் குறிப்பு என்று இருக்கிற இடத்தில் சிவப்பு மையில் வந்தது: 'வெரி அடமன்ட்.'

அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்துப் போடும் முன் என்னிடமே கேட்டார்.

"இன்னாம்மா எழுதிக்கிறாங்க?"

"உறுதியானவள்னு எழுதியிருக்கு அத்தா."

நான் பொய் சொல்லவில்லை. அகராதியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அத்தா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அம்மாதான் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லதுன்னா இன்னாத்துக்கு செகப்பு மையில எழுதணும்?"

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அகராதியில் நான் தேடிக் கண்டுபிடிக்காததை அவள் மையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு வரைக்கும் எனக்குப் பூசை நடந்தது.

நர்சிங் சேரப்போகிறேன் என்று நின்றபோது அது மறுபடி வந்தது. அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். "பொண்ணு ரொம்ப அடமன்ட்டா இருக்கு, இப்பவே அடக்கி வையி" என்று கடையில் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொன்னார். அதே வருடம் அவருடைய மகன் மூன்று சம்பந்தத்தைத் தட்டிக்கழித்துவிட்டு, வெளிநாடுதான் போவேன் என்று பதினொரு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்தான். அவனைப் பற்றிப் பெரியத்தா சொன்னது, "நம்ம பையன் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்." நான் எடுத்தால் அடமன்ட். அவன் எடுத்தால் முடிவு. இதைப் பெரியத்தாவிடம் கேட்டேன். கேட்டதற்கும் அதே சொல்தான் பதிலாகக் கிடைத்தது.

சரி. நர்சிங் முடித்தேன், கல்யாணம் ஆயிற்று, அரசு வேலையும் கிடைத்தது. கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம், அங்கிருந்து மலை ஏறுகிற பஸ், இறங்கின இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடை, நடுவில் ஒரு ஓடை. ஆடியில் மழை பிடித்தால் ஓடை முழங்காலுக்கு மேல் ஓடும். ஒரு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருடம் ஆகிவிட்டது.

என் நிலையம் ஒரே ஒரு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். ஒரு மேசை, ஒரு இரும்புக் கட்டில், பிபி மிஷின், ஆள் நிற்கிற எடை மிஷின், குழந்தையைப் படுக்க வைக்கிற எடை மிஷின். சுற்றி ஐந்து குக்கிராமம். சாமையும் தினையும் போடுகிற குடும்பங்கள். ஓய்ந்த மாதங்களில் ஆண்கள் கரும்பு வெட்டக் கீழே இறங்கிவிடுவார்கள். எனக்கு முன்னால் அந்தப் பணியிடம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. காலியாக இருந்ததன் விலையை நான் போனபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நிலையம் இருந்த ஊரில் ஒரு பெண். இருபத்தாறு வயது. முதல் பிள்ளை, அவளைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஓடைக்கரையிலேயே பிறந்து அங்கேயே போய்விட்டது. இரண்டாவது எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. இரண்டு தடவையும் கால் வீங்கியிருந்ததாம், தலைவலி இருந்ததாம். பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மூன்றாவதாக அவள் உண்டானபோது நான் இருந்தேன். வாரம் தவறாமல் புதன்கிழமை வந்து, எதுவும் பேசாமல் கையை நீட்டுவாள். பிபி பட்டையைச் சுற்றும்போது கண்ணை மூடிக்கொள்வாள். நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பாள். அவளிடமிருந்து நான் கேட்ட நீளமான வாக்கியம், "இந்த வாரம் எப்டி இருக்குங்க நர்சம்மா?" என்பதுதான்.

அவளுக்கு ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் உத்தரவு வந்தது. நிலையத்தைக் கீழே ரோட்டோரத்து ஊருக்கு மாற்றுகிறார்களாம். அங்கே நல்ல கட்டடம் இருக்கிறது, கரண்ட் போகாது, வாசலில் வண்டி நிற்கும். மேலதிகாரி நேரில் வந்து சொன்னார். நாலு கிலோமீட்டர் நடந்து வந்த களைப்பில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், ஒரே மடக்கில் குடித்தார்.

"ஜீப் வராத எடத்துல சென்டர் எதுக்கும்மா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருத்தர் வர முடியுதா? நீங்களே சொல்லுங்க."

"ஜீப் வராத எடத்துலதானே சார் சென்டர் வேணும். ஜீப் வர்ற எடத்துலருந்து ஜீப்லயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்களே."

"உங்களுக்கும் நடை மிச்சம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு நடை மிச்சமாவும் சார். மாசமா இருக்கறவளுக்கு ஜாஸ்தியாவும். எட்டாம் மாசத்துல நாலு கிலோமீட்டர் எறங்கி, நாலு கிலோமீட்டர் ஏறுன்னா அவ வரமாட்டா. வூட்ல விட மாட்டாங்க."

அந்தப் பெண்ணின் கர்ப்பகாலக் கார்டை எடுத்துக் காட்டினேன். முதல் பிள்ளை, இரண்டாவது பிள்ளை என்கிற கட்டங்களில் எழுதியிருந்ததைப் படித்தார். கார்டை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, ஒரு ஆளுக்காக உத்தரவை மாற்ற முடியாது என்றார். ஆர்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் போடவில்லை. பேனாவை அவர் நீட்டியபடியே இருந்தார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த திங்கட்கிழமை மெமோ வந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை சாமான்களை எடுக்க ஆட்கள் வருவார்கள் என்றும் அதில் இருந்தது.

அன்று மெமோவோடு நான் பாறைமேல் போய் உட்கார்ந்தேன். ஊரில் அங்கே மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். எட்டாவதில் பார்த்த சொல்லை மறுபடி தேடிப் பார்த்தேன். எடுத்த முடிவை யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளாத தன்மை என்று போட்டிருந்தது. பழைய காலத்தில் உடைக்கவே முடியாத ஒரு கல்லுக்கு அந்தப் பெயர் இருந்ததாம். குற்றம் என்று எங்கேயும் போடவில்லை. தலைவர்கள் கொள்கையில் அப்படி இருந்தார்கள் என்று உதாரண வாக்கியமெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆனால் நான் பார்த்தவரை, நம் ஊரில் அதைக் கீழே இருக்கிறவர்களைப் பற்றி மேலே இருக்கிறவர்கள்தான் எழுதுகிறார்கள். மகள், மருமகள், டிரைவர், நர்ஸ். எந்த நர்ஸாவது மேலதிகாரிக்கு 'தாங்கள் மிகவும் அடமன்ட்' என்று மெமோ கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் செல்போனை ஓடையில் வீசியிருப்பேன். கணவர் வாங்கிக் கொடுத்தது என்பதால் தப்பித்தது.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் நிலையத்துக்கு வந்தார். அந்த ஊரில் எந்த முடிவும் அவர் தலைமையில் கோயில் முன்னால் கூடித்தான் எடுப்பார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அடமன்ட்டுன்னா இன்னாங்கம்மா?"

"அர்த்தம் உறுதியா இருக்கறதுங்க. ஆனா திட்டறதுக்குத்தான் எழுதுவாங்க."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"எங்களயும் அப்டித்தான் சொல்வாங்க. சொன்னா கேக்க மாட்டானுங்க மலைக்காரனுங்கன்னு. அது இங்கிலீசுல இப்டிங்களா?"

அடுத்த நாள் ஊர் கூடி ஒரு மனு எழுதினார்கள். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் எழுத, மற்றவர்கள் சொல்லச் சொல்ல வளர்ந்தது. எழுதி முடித்து என்னிடம் காட்டியபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'எங்கள் நர்சம்மா அடமன்ட் ஆனவர். அவர் இங்கேயே, இப்படியே இருக்க வேண்டும் என்று ஊர்ப் பொதுமக்கள் கேட்டுக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே அறுபதுக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டும்.

"இது திட்டுங்க ஐயா. இத எடுத்துடுங்க, வேற வார்த்த போடலாம்" என்றேன்.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் போட்டிருக்கோம்" என்றார் கவுண்டர்.

மனு கொடுத்தால் மட்டும் ஆட்கள் வராமல் இருந்துவிடுவார்களா? அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். திருவிழா எப்படியும் அந்த மாதத்தில் வர வேண்டியதுதான். ஆனால் வழக்கமாகக் கட்டுகிற வாரத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. காப்பு கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊர்ச் சட்டம் வேறு. ஊர்க்காரர்கள் வெளியே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், வெளியூரில் இராத் தங்கக் கூடாது. ஊர்ப்பொருள் எதுவும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கு ஆகாது.

மஞ்சள் கயிறோடு கவுண்டரும் பூசாரியும் நிலையத்துக்கும் வந்தார்கள். கட்டில் காலில் ஒன்று. மேசைக் காலில் ஒன்று. இரண்டு எடை மிஷினுக்கும் ஆளுக்கொன்று. பூசாரி என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"உங்களுக்கு இது கெடயாதில்லீங்களா. உங்க மருந்துப் பைக்குக் கட்டிடறோம்."

கட்டினார்கள். அந்த வாரம் முழுக்க மஞ்சள் கயிறு கட்டின பையோடுதான் வீட்டுக்கும் போய் வந்தேன். இது என்ன என்று கேட்ட கணவரிடம், ஊர்ப்பொருள் என்றேன். பை மட்டும் எப்படி எல்லையைத் தாண்டி வந்தது என்று அவர் சரியாகப் பிடித்தார்.

திங்கட்கிழமை நாலு ஆட்கள் வந்தார்கள். கீழே அணைக்கட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள். மேசையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் வரைக்கும் போனார்கள். கவுண்டர் அங்கே நின்றிருந்தார். தடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. மேசைக் காலைக் காட்டினார், அவ்வளவுதான். அவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். மேசையைக் கீழே வைத்தார்கள்.

"காப்பு கட்டிக்கீதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே" என்றார் அவர்களில் ஒருவர்.

அவருடைய ஊரிலும் அதே சட்டம்தான். நாலு பேரும் சாமைக் கூழ் குடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்கள். மேசையை நானும் இரண்டு பெண்களும் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டோம். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். எட்டாவதில் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவந்த இதயத்தைத் திரும்ப மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை காலையில் அவள் வந்தாள். எட்டாம் மாதம் பாதி. முகம் உப்பியிருந்தது. தலை வலிக்கிறது என்றாள். கேட்காமல் அவளாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டையைச் சுற்றினேன், கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று அறுபத்தைந்துக்கு நூற்றுப்பத்து. மறுபடி பார்த்தேன், அதே எண். சிறுநீரில் உப்பு கண்டது. போன வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பாறைக்கு ஓடி டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு மாத்திரையைச் சொன்னார், உடனே கொடுக்கச் சொன்னார், இன்றைக்கே கள்ளக்குறிச்சிக்கு அனுப்பு, ஒரு நாள்கூடத் தள்ளாதே என்றார். நூற்றெட்டு வண்டியை ரோட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, ஓடி வந்து மாத்திரையைக் கொடுத்தேன்.

தாழ்வாரத்தில் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள். காப்பு கட்டும் முன்பே கரும்பு வெட்டப் போன புருஷன் இன்னும் வந்துசேரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"காப்பு கட்டிக்கீதேம்மா" என்றாள் மாமியார். "ஆஸ்பத்திரின்னா தங்கணுமே. இன்னும் மூணு நாளு. அவுத்த மறுநிமிசம் தூக்கினு போயிடலாம்."

மூன்று நாள் தாங்காது என்றேன். இரண்டு பிள்ளை போனதை நினைவுபடுத்தினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "சாமி குத்தத்துலதான் அந்த ரெண்டும் போச்சு, மூணாவதுக்கும் வரவழைக்கச் சொல்றியா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். யாரோ போய்க் கவுண்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் முழுக்கக் கேட்டார். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது.

"மிசினு எல்லை தாண்டக்கூடாதுன்னு உங்களுக்காக ஊரே நின்னுச்சும்மா. ரெண்டு நாள் ஆவல. இப்ப ஆளே தாண்டட்டும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அந்தக் கயிறுக்கு இன்னா மரியாத?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை அந்தக் கயிறு எனக்கு இனித்தது, புதன்கிழமை கசக்கிறது. வசதியானபோது பிடித்துக்கொண்டு வசதியில்லாதபோது அறுக்கச் சொல்கிறேன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் பிபி மிஷினுக்கு நியாயம் தெரியாது. அந்த எண் ஏறிக்கொண்டேதான் போகும்.

"மரியாத இல்லன்னே வெச்சுக்குங்க ஐயா. பழி என்மேல வரட்டும். இவ இன்னிக்கு எறங்கியாகணும். நான் வுட மாட்டேன்."

"ரொம்ப அடமன்ட்டா பேசாதீங்கம்மா" என்றார் கவுண்டர்.

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. மனுவில் என்னைப் புகழ எழுதிய சொல்லை, சரியாக என் டீச்சர் எழுதிய விதத்தில், பெரியத்தா சொன்ன விதத்தில், மெமோவில் இருந்த விதத்தில் சொன்னார். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மெமோ வந்தபோது சிரித்தவள் நான். இதைக் கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

நாங்கள் இப்படி மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் மணிக்கட்டில் காப்புக் கயிறு இருந்தது. அதை அறுக்கவில்லை, கழற்றவில்லை.

"ரெண்டு வாட்டி ஊரு சொன்ன மாதிரி இருந்தேன்" என்றாள். "ரெண்டு வாட்டியும் இருந்தேன். இந்த வாட்டி நான் போறேன். ஆத்தாளுக்குக் கோவம்னா அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் வந்து பேசிக்கிறேன்."

கத்தவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் படி இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவளை நடக்க விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். கூடவே ஓடிப் போய்த் தோளைப் பிடித்தேன். நிற்கவில்லை. அந்த வீங்கின காலோடு, செருப்பு இல்லாமல், எல்லைக்கல் பக்கம் போய்க்கொண்டே இருந்தாள். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

எல்லைக்கல்லுக்குப் பத்தடி முன்னால் பின்னாலிருந்து கவுண்டரின் குரல் கேட்டது. என்னிடமோ அவளிடமோ பேசவில்லை. இளவட்டங்களிடம் பேசினார்.

"கட்டிலத் தூக்குங்கடா. ரோட்டுல வுட்டுட்டு பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும். திரும்பிட்டா குத்தம் இல்ல."

நிலையத்து இரும்புக் கட்டில் இல்லை, அது கயிறு கட்டின ஊர்ப்பொருள். யாருடைய வீட்டுக் கயிற்றுக்கட்டிலோ வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. ரோட்டில் நூற்றெட்டு நின்றிருந்தது. அவளை ஏற்றிவிட்டு நானும் ஏறினபோது, கையில் ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு மாமியார் மூச்சிரைக்க வந்து நின்றாள். வண்டியில் ஏறி மருமகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சி வரைக்கும் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அழுதது. அந்த அழுகைச் சத்தம் கேட்டதும் மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். இரத்த அழுத்தம் இறங்க நாலு நாள் ஆயிற்று. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர்.

மெமோவுக்குப் பதில் எழுத வேண்டிய கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் விதமாக ஒரு மாதிரிப் பதில் எங்கள் செவிலியர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். 'இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாது' என்று முடியும். நான் அதை எடுக்கவில்லை. 'மெமோவில் என்னைக் குறித்துக் கூறப்பட்டுள்ள சொல் உண்மை. நிலையம் ஊரில் இருந்ததால் இந்தத் தாய் புதன்கிழமை நடந்து வந்தார். கீழே இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார். இனிவரும் காலங்களிலும் இவ்வாறே நிகழும்' என்று எழுதி, அவளுடைய கார்டின் நகலை இணைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. இடமாற்றம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஒரு காகிதம் மட்டும் வந்தது. அதில் ஆங்கிலம் எதுவும் இல்லை.

காப்பு அவிழ்த்த பிறகு ஊர் கூடியது. வெளியே தங்கியதற்காக அவளும் மாமியாரும் அம்மன் பொங்கலுக்கு ஆளுக்கு இரண்டு படி சாமை கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க வெளியூரு."

"எட மிஷின் ஊர்ப்பொருளு. என் பையி ஊர்ப்பொருளு. நான் மட்டும் வெளியூருங்களா?"

கவுண்டர் சிரித்துவிட்டார். அந்த ஒரு வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அடுத்த நாள் கள்ளக்குறிச்சி கடைவீதியில் இரண்டு படி சாமை வாங்கினேன். எங்கே விளைந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் கல்வராயன் மலைச் சரக்கு என்று பெருமையாகச் சொன்னார். மலையிலிருந்து இறங்கின சாமையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி நாலு கிலோமீட்டர் நடந்து மறுபடி மலைமேல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். இந்தத் தடவையும் நடந்துதான் வந்தார், இந்தத் தடவையும் தண்ணீர் கொடுத்தேன். தாய்மார் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். அவளுடைய பெயருக்கு நேராக, குறிப்பு என்கிற கட்டத்தில், நான் ஆங்கில எழுத்திலேயே எழுதியிருந்தேன். சிவப்பு மையில் எழுதவில்லை, சாதாரண நீல மைதான்.

"அடமன்ட்னு எழுதியிருக்கீங்க? இது எதுக்கு இங்க?"

"ரெண்டு பேரும் உசுரோட இருக்கறதுக்குக் காரணம் சார் அது."

தாழ்வாரத்தில் அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அன்று தடுப்பூசி நாள். அவர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினார்.

"இதெல்லாம் ரெக்கார்டும்மா. அடிச்சிடுங்க."

"அடிக்க மாட்டேன் சார்" என்றேன்.

பேனாவை நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, குழந்தையின் எடையைப் பார்க்கச் சொன்னார். மூன்றரைக் கிலோ இருந்தது.